குறை நீக்கப்பட்டது

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'வெள்ளிக்கிழமை'. மற்ற நாலு நாளும் அவர் சாதாரண மனுஷிதான். சாக்பீஸ் தூள் படிந்த கைப்பை, ஒரு பக்கம் தைத்த செருப்பு, மத்தியானத்தில் ஒரு கொட்டாவி. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிடும். பத்தரை மணிக்கு என் அலுவலக ஜன்னலில் தலை தெரியும். "அக்கா, முப்பத்தேழு காப்பி. சாயாம எடுங்க."

நான் இந்தப் பள்ளியின் எழுத்தர். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், நகலெடுக்கும் மெஷின், சாவிக்கொத்து எல்லாம் என் பொறுப்பு. இருபத்தோரு வருஷமாக இதே நாற்காலி. டீச்சர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, என் மேல் நிறையக் கோபம் உண்டு. இரண்டையும் மறைக்காமல்தான் எழுதப் போகிறேன்.

முப்பத்தேழு காப்பி என்பது பெற்றோருக்கு அவர் அனுப்பும் வாரக் கடிதம். இந்த வாரம் கணக்கில் பின்னம் வரை வந்தோம், அறிவியலில் இலையைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தோம், அடுத்த வாரம் இன்னது என்று ஒரு பக்கம் இருக்கும். 'இன்று என்ன படித்தாய் என்று கேட்காதீர்கள், முக்கால் பெரிதா மூன்றில் இரண்டு பெரிதா என்று கேளுங்கள்' என்று யோசனை வேறு. கீழே மூன்று விரல் அகலத்துக்குக் காலி இடம். அதில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கையால் ஒரு வரி எழுதுவார். அதற்கும் கீழே புள்ளிக்கோடு. கோட்டோடு கத்தரித்தால் ஒரு துண்டுச் சீட்டு வரும். பெற்றோர் அதில் கையெழுத்துப் போட்டு, சொல்ல ஏதாவது இருந்தால் எழுதித் திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். வந்த சீட்டுகளைப் பிள்ளைவாரியாக நூல் போட்டுக் கட்டி என் பீரோவில் வைப்பார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். டீச்சர் ஆறாம் வகுப்பில் பெயிலானவராம். வருஷம் முடிந்து முடிவு ஒட்டிய அன்றைக்குத்தான் வீட்டுக்கு விஷயம் தெரிந்ததாம். மறு வருஷம் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. "எங்கம்மா அழுதுகிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்கக்கா. ஏன் ஒருத்தருமே எங்ககிட்ட சொல்லலைன்னு." அன்றைக்கு முப்பத்தேழு காப்பியையும் சாயாமல் எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் அந்தக் கடிதத்தை யார் படித்தார்கள்? சீட்டுகள் என் கைக்குத்தானே வரும். ஒரு அம்மா மாதத்துக்கு நாலு கையெழுத்தை முன்கூட்டியே போட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வைத்திருந்தாள். ஒரு பேக்கரிக்காரரின் சீட்டில் விரல் அடையாளம் எண்ணெயில் பதிந்திருக்கும், எழுத்து இருக்காது. ஒரு தையல்காரம்மா மட்டும் 'டீச்சர் நல்லா இருக்கீங்களா' என்று எழுதுவாள். டீச்சர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஒருத்தர்கூடப் படிக்கலையேக்கா" என்று முகம் தொங்கிப்போகும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். அப்படியே ஒருவரும் படிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வருஷத்தின் மூன்றாம் மாதத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஒல்லி, இடதுகைப் பழக்கம், கேட்டால்தான் பேச்சு. அப்பா லிஃப்ட் சோதிப்பவர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டில் ஏறி இறங்கி, பழுது பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. விண்ணப்பத்தில் அம்மா பெயருக்கு நேரே 'உடன் இல்லை' என்று எழுதியிருந்தார். அச்சடித்த மாதிரி எழுத்து. மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. குரல் உயரவே உயராது.

"முன்னாடி படிச்ச ஸ்கூல்ல எதுவுமே சொல்ல மாட்டாங்க மேடம்" என்றார் டீச்சரிடம். "இங்க வாராவாரம் எழுதிக் கொடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டுதான் வந்தேன். ஒரு வாரம்கூட விட்டுடாதீங்க."

அந்தப் பெண் அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. எனக்கும், என்ன பொறுப்பான மனுஷன் என்றுதான் தோன்றியது.

முதல் வெள்ளிக்கிழமை டீச்சர் அவளுக்கு எழுதிய வரி: 'பாட நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள்.' வந்த சீட்டில் இப்படி இருந்தது: 'கடிதம் முழுவதும் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது: குறை நீக்கப்பட்டது.' கீழே தேதி, கையெழுத்து.

டீச்சர் அந்தச் சீட்டை ஆசிரியர் அறை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். "முழுவதும் படிச்சேன்னு எழுதியிருக்கார் பாருங்க!" அந்த வாரம் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மரத்தில் குரங்கு ஏறி வகுப்பே எழுந்து ஓடியபோதும் அவள் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். "ஒரே வாரத்துல என்ன மாற்றம்!" என்று டீச்சர் என்னிடம் பூரித்துப்போனார்.

பிறகு அந்த அப்பா சீட்டில் ஒரு வேண்டுகோள் வைத்தார். எந்த நாள், எந்தப் பாடவேளை என்று குறிப்பிட்டால் உதவியாக இருக்கும் என்று. டீச்சர் குறிப்பிட்டார். ஒரு வரி மூன்று வரியாயிற்று. மூன்று வரி, பின்னால் குத்திய தனித்தாளாயிற்று. செவ்வாய் இரண்டாம் பாடவேளை, வகுத்தலில் மீதியை எழுத மறந்தாள். வியாழன், கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாயிற்று. மற்ற முப்பத்தேழு பேருக்கும் எழுதாததையெல்லாம் அவளுக்கு எழுதினார், ஏனென்றால் அவள் வீட்டில்தான் படிக்க ஆள் இருந்தது. திங்கட்கிழமை தவறினாலும் செவ்வாய்க்கிழமை சீட்டு வந்துவிடும். மீதி எழுத மறப்பது: குறை நீக்கப்பட்டது. தாமதமான பதில்: குறை நீக்கப்பட்டது.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் ரிப்பேராகிக் கடிதம் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். வெயில் கொளுத்துகிறது, இவள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள்.

"அக்கா, இந்த வாரமும் மெஷின் ரிப்பேர் ஆகுமா?"

"ஏன், என் வேலையைக் குறைக்கப் பாக்கறியா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மெஷினையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி. குழந்தைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் வாரம் மெஷின் நிஜமாகவே நின்றது. திறந்து பார்த்தால் உருளைக்கு நடுவில் உடைந்த மர ஸ்கேல், முனையில் அவள் பெயரும் வகுப்பும் எழுதி ஒட்டிய காகிதம். இடைவேளையில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வந்து செருகியிருக்கிறாள். எனக்கு முன்கோபம் அதிகம். வகுப்பு வாசலுக்கே போய், முப்பத்தெட்டுப் பேர் முன்னால் அவளைக் காய்ச்சி எடுத்தேன். "எந்தக் கையால வெச்ச? சொல்லு, எந்தக் கை?" அவள் இடது கையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். மத்தியானத்துக்குள் மெஷினைச் சரி செய்தேன். டீச்சர் தனித்தாளில் எழுதினார்: 'வெள்ளி, இடைவேளை. இடது கையால் ஸ்கேலைச் செருகி அலுவலக இயந்திரத்தைப் பழுதாக்கினாள்.' அந்த வரியை எழுதச் சொன்னது நான்.

திங்கள் அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை வந்தாள். டீச்சர் சொல்லித்தான் தெரியும், அன்றைக்கு அவள் வலது கையால் எழுதினாளாம், கோழி கிறுக்கின மாதிரி. இடது கை மடியிலேயே இருந்ததாம், துணி சுற்றி. கீழே விழுந்துட்டேன் என்றாளாம். சீட்டில் ஒரே வரி: 'இயந்திரத்தைப் பழுதாக்கியது: குறை நீக்கப்பட்டது. இனி நிகழாது.'

அந்த வெள்ளிக்கிழமை காலை வருகைக் கணக்கு கொடுக்க நான் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். ஐந்தாம் மாடி. லிஃப்டில் நான் மட்டும். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சோதனை அட்டை. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அதைப் படித்தேன். 'கதவு மெதுவாக மூடுகிறது: குறை நீக்கப்பட்டது. விளக்கு மினுக்குகிறது: குறை நீக்கப்பட்டது.' தேதி, கையெழுத்து. அச்சடித்த மாதிரி எழுத்து.

அந்த எழுத்தைப் பதினான்கு வாரமாக நான் என் பீரோவில் வைத்திருக்கிறேன். லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கு வந்து கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. மறுபடி கீழே போய், ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினேன்.

பீரோவைத் திறந்து அவள் கட்டை எடுத்து, வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் சீட்டுச் சீட்டாக வைத்தேன். குறை எழுதாத வாரம், திங்கட்கிழமை வந்திருக்கிறாள். மெஷின் நின்று கடிதம் போகாத வாரம், வந்திருக்கிறாள். குறை எழுதிய வாரம் ஒன்றுவிடாமல், திங்கட்கிழமைக்கு நேரே என் கையால் போட்ட 'வரவில்லை'. எட்டு வாரம். ஒவ்வொரு தடவையும் அதைப் போட்டுவிட்டு, சோம்பேறிக் கழுதை என்று முணுமுணுத்திருக்கிறேன்.

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவர் கண்டிப்பானவர்தான்க்கா, அதுக்காக..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். விரல் பதிவேட்டின் மேல் ஒவ்வொரு திங்கட்கிழமையாக நகர்ந்தது. "பெஞ்சுல சாய்ஞ்சு உட்காரவே மாட்டாக்கா. நான்கூட அதை நல்ல பழக்கம்னு எழுதினேன்" என்றார். பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக் காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தானேக்கா லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கேன்."

தலைமையாசிரியரிடம் போனோம். அவர் சீட்டுகளைத் தொடக்கூட இல்லை. "இவ்வளவு அக்கறையா பதில் போடற ஒரே ஆளு. அவர் மேலயா? ஆதாரம் இருக்கா?" என்றார். நான் அலுவலகப் போனிலிருந்து குழந்தைகள் நல அலுவலருக்குப் பேசினேன். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். இன்றைக்கு வெள்ளி. கடிதம் போகாவிட்டால் இவள்தான் மறுபடி மெஷினைக் கெடுத்தாள் என்று அந்த அப்பா நினைப்பார். போனால்?

டீச்சர் தன் வாழ்நாளில் முதல் பொய்யை எழுதினார். 'இந்த வாரம் எல்லாப் பாடத்திலும் நன்றாகச் செய்தாள். ஒரு குறையும் இல்லை.' அந்தப் பெண் வராந்தாவில் நின்று அதைப் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"டீச்சர், வேற எழுதிக் குடுங்க. அப்பா நோட்டையும் பாப்பாரு."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் இருக்கேன்ல. போ" என்றார் டீச்சர். நானும் தலையாட்டினேன். அவள் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். அன்றைக்கு அவளை அனுப்பியது நாங்கள் இருவரும்தான். அதில் தலைமையாசிரியரை இழுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்த அப்பா தனியாக வந்தார். கையில் மகளின் கணக்கு நோட்டு. நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினாலாம் பக்கம் மூணு தப்பு இருக்கு மேடம். பதினாறுல ஒண்ணு. ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

டீச்சர் நோட்டைப் பார்க்கவில்லை. "இப்ப அவ எங்க சார்?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்டுல இருக்கா. விட்டுப்போன குறையை நானே தேடிப் பாக்க வேண்டியதாப் போச்சு." குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ரிப்போர்ட் தப்பா இருந்தா லிஃப்ட்ல ஏறினவன் கதி என்ன ஆகும்னு யோசிங்க மேடம். இனிமே உங்களை நம்ப முடியாது. டிசி குடுத்துடுங்க."

இரண்டு நாளாகும் என்று நான் இழுத்தேன். பரவாயில்லை, தபாலில் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். நலத்துறை அலுவலரைக் கெஞ்சி அன்று மாலையே வரவழைத்தோம். வீடு பூட்டியிருந்தது. மத்தியானம் வண்டி வந்து சாமான் ஏற்றிப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். காலி அறை, சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் எங்கள் வாரக் கடிதத்தின் ஒரு கிழிந்த மூலை.

அதற்கப்புறம் டீச்சர் கடிதம் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என் ஜன்னலில் தலை தெரியாது. தையல்காரம்மா மட்டும் ஆளனுப்பிக் கேட்டாள், டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று.

பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு தபால் வந்தது. பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் உள்ள பள்ளி. அந்தப் பெண்ணின் பெயர், ஆறாம் வகுப்பு. தாளின் அடியில் அந்தப் பள்ளி தன்னைப் பற்றி ஒரு வரி அச்சிட்டிருந்தது: 'தங்கள் பிள்ளை அன்றன்று கற்றதும் தவறியதும், அன்று மாலையே தங்கள் கைப்பேசியில்.'

டீச்சர் அந்த வரியின் கீழே விரலை வைத்தார். "அக்கா, தினமும்" என்றார்.

உடனே ஒரு தாளை எடுத்து அந்தப் பள்ளிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் பேனாவைப் பிடுங்கிவிட்டேன். "உங்க கடிதத்தை எத்தனை பேர் படிச்சாங்கன்னு மறந்து போச்சா? தபால் போய், யாரோ பிரிச்சு, எந்த மேசையில கிடக்குமோ!" அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நலத்துறைக்குப் போன் செய்து விலாசத்தைச் சொன்னோம். அந்த ஊர் அலுவலருக்குத் தகவல் கொடுப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்க எங்களுக்குத் தெம்பில்லை. பள்ளியை விட்டு வெளியே போகவே கூடாத வருகைப் பதிவேட்டை என் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினோம். நாலு மணி நேரமும் டீச்சர் சீட்டுக் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை எங்களை முதலில் நிற்க வைத்தே பேசினார். சீட்டுகளையும் பதிவேட்டையும் மேசையில் நான் பரப்பியதும், மூன்றாவது சீட்டு வந்தபோது உட்காரச் சொன்னார். எட்டாவது சீட்டுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு வீட்டுக்கு இன்னைக்கு மெசேஜ் எதுவும் போகக் கூடாது. ஏற்கெனவே எத்தனை போச்சு?"

"ஏழு போயிருக்கு மேடம்."

"வெல்ஃபேர் ஆபீசர் வர வரைக்கும் அவ இந்த ரூம்லயே இருக்கட்டும். அப்பா வந்தா கேட்டுலயே நிறுத்துங்க." போனை எடுத்துக்கொண்டே, அவளை அழைத்து வர ஆளனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அதே முழுக்கை ஸ்வெட்டர். முன்பைவிட மெலிந்திருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். உள்ளே வரக் காலெடுத்தவள் டீச்சரைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கண் டீச்சரிடமிருந்து மேசைக்குப் போயிற்று. அங்கே அவள் அப்பாவின் எழுத்து வரிசையாக விரிந்து கிடந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள், "நான் ஒண்ணும் பண்ணலை டீச்சர்" என்றாள்.

டீச்சர் எழுந்தார். இரண்டு கைகளையும் விரித்து அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். பேனா இல்லை, காகிதம் இல்லை. "தெரியும்மா. நீ ஒண்ணும் பண்ணலை. நான்தான் பண்ணினேன்" என்றார்.

அவள் நம்பவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.